கொதிகோடு

விலைவாரத்தின் முதல் நாள். ஊர்க் குழாய்களில் தண்ணீர் வருவதற்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. தங்கபுஷ்பம் உப்பளத் தெருமுனையில் வந்து இறங்கினாள். வலது முழங்கால் வழக்கம்போல மக்கர் செய்தது. ஓய்வுபெற ஏழு மாதம்தான் பாக்கி. இந்த வேலைக்கு வேறு ஆளை அனுப்புங்கள் என்று கேட்டுப் பார்த்தாள். உங்களுக்குத் தெரிந்த தெருதானே என்று சொல்லி அவளையே அனுப்பிவிட்டார்கள். தெரிந்த தெரு என்பதால்தான் அவளுக்கு வர விருப்பமில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அவள் புதுக்கொற்கை நீர் வாரியத்தில் மனச்சரிபார்ப்பாளர். மக்களின் கோபம் அசலா போலியா என்று பார்த்து எழுதுவது அவள் தொழில்.

புதுக்கொற்கையில் தண்ணீருக்கு விலை ஏற்றுவது மனிதர்கள் இல்லை, குழாய்கள். ஒவ்வொரு குழாயின் கழுத்திலும் ஒரு மனவளையம் இருக்கிறது. கை பட்டால் போதும். வியர்வை, நாடி, விரல்களின் இறுக்கம் மூன்றையும் பார்த்து அந்த ஆளின் உள்ளே எவ்வளவு கொதிக்கிறது என்று எண்ணில் சொல்லிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலைவாரம் வரும். அந்த ஏழு காலைகளிலும் குழாயின் தலையில் உள்ள சின்னக் கண்ணாடியில் புதிய விலை தெரியும். அதைப் பார்த்துக்கொண்டுதான் குழாயைத் திறக்க வேண்டும். தெருவின் சராசரிக் கொதிப்பு அறுபதைத் தாண்டினால் அது மறுப்பு, விலை பழையபடியே நிற்கும். அந்த அறுபதுக்குக் கொதிகோடு என்று பெயர். அதைத் தொடாவிட்டால் ஒப்புதல் என்று அர்த்தம். விலை ஒரு படி ஏறும். கண்ணாடியில் ‘தங்கள் ஒப்புதலுக்கு நன்றி’ என்று எழுத்து ஓடும்.

விதிப்புத்தகத்தில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. குழாயைப் பிடித்த கை பத்துக்கும் கீழே இறங்கி முழு அமைதியில் இருந்தால் விலை இரண்டு படி ஏறும். அப்போது ‘தங்கள் மனமார்ந்த ஒப்புதலுக்கு நன்றி’ என்று வரும். பதினோரு வருஷத்தில் அதைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. அந்த ‘மனமார்ந்த’ என்ற சொல் தங்கபுஷ்பம் போட்டது. வாசகம் எழுதும் குழுவில் அவளும் இருந்தாள். இரண்டு படி ஏற்றிவிட்டு வெறுமனே நன்றி என்றால் மொட்டையாக இருக்கிறது என்று அவள்தான் சொன்னாள். எல்லோரும் பாராட்டினார்கள்.

இதற்கு முன்னால் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒன்று நடந்துகொண்டிருந்தது. மண்டபத்தில் நாற்காலி போட்டு, டீயும் வடையும் கொடுத்து, விலையை ஏற்றலாமா என்று கேட்பார்கள். மக்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். கத்தியதையெல்லாம் எழுதிக்கொண்டு மறுவாரம் விலையை ஏற்றுவார்கள். அப்போதுதான் மனவளையம் வந்தது. வாயில் வருவது பொய்யாக இருக்கலாம், உடம்பு பொய் சொல்லாது; இனி உங்கள் கையே வாக்குச்சீட்டு என்றார்கள். மண்டபத்துக்கு அலைய வேண்டாமே என்று ஊரே கைதட்டியது.

கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டும் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு வேலை பார்த்துவிட்டு வந்து, நாலு மணி நேரம் தூங்கி எழுந்து குழாயைப் பிடிக்கிற கையில் என்ன இருக்கும்? அலுப்புதான் இருக்கும். புது விலையைப் பார்த்ததும் ஒரு பெருமூச்சு வரும். வளையம் அதை ஒப்புதல் என்று எழுதிக்கொள்ளும். கடற்கரை பங்களாக்களில் கோபப் பயிற்றுநர்கள் காலையில் வந்து போகிறார்கள். அங்கே ஆறு வருஷமாக விலை ஏறவில்லை. அசந்துபோன தெருக்களில் ஒவ்வொரு விலைவாரமும் ஏறுகிறது. அலுப்பையும் மறுப்பாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று தங்கபுஷ்பம் ஒருமுறை மேலிடத்துக்கு எழுதினாள். அலுப்பு என்பது ஒப்புதலின் முதிர்ந்த நிலை என்று பதில் வந்தது. அவளுக்கு அன்றைக்கும் கோபம் வரவில்லை. அவள் வீட்டுக் குழாய் பதினோரு வருஷமாக அவளுக்கு நன்றி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

உப்பளத் தெரு மட்டும் விதிவிலக்கு. அறுபது வீடு. எல்லாம் உப்பளத்திலும் துறைமுகத்திலும் முறிந்து வேலை பார்க்கிற சனம். இவர்கள் கொதிப்பு மூன்று வருஷமாகக் கொதிகோட்டுக்குக் கீழே வந்ததே இல்லை. இது எப்படி நடக்கும் என்று மேலிடத்துக்குச் சந்தேகம். சந்தேகப்பட்ட தெருவுக்கு விதி வேறு. தெருவில் அதிகம் தண்ணீர் புழங்குகிற குழாய் சாட்சிக் குழாய் ஆகும். ஏழு நாளும் சரிபார்ப்பாளர் அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். ஏழாம் நாள் முதல் குடம் நிறையும்போது அந்த ஒரு குழாய் காட்டும் எண்தான் தெருவின் எண். அது கொதிகோட்டைத் தாண்டாவிட்டால், மூன்று வருஷம் ஏறாமல் நின்ற பன்னிரண்டு படிகளும் ஒரே நாளில் ஏறிவிடும்.

உப்பளத் தெருவில் அதிகம் தண்ணீர் புழங்குவது அமலோற்பவத்தின் மெஸ்ஸில்.

தங்கபுஷ்பம் போனபோது அமலோற்பவம் மெஸ்ஸில் இல்லை. தெருவில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கதவையும் தட்டி, திறந்தவரிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தாள். தங்கபுஷ்பம் நொண்டிக்கொண்டே பின்னால் போனாள். சேவியரிடம், அவன் அண்ணன் எழுப்பிய சுவர் இன்னும் அவன் இடத்துக்குள்தான் நிற்கிறது என்று சொன்னாள். ரெஜினாவிடம், அவள் மகள் கல்யாணத்தை எதிர்வீட்டார் இன்றைக்கும் பாயசம் இல்லாத பந்தி என்றுதான் பேசுகிறார்கள் என்றாள். பொன்னுலிங்கத்திடம் காணாமல்போன வெள்ளாட்டைப் பற்றிச் சொன்னாள். அந்த ஆடு செத்து அதன் பேரன் பேத்திகளும் செத்திருக்கும். ஆனாலும் பக்கத்து வீட்டிலிருந்து அன்றைக்கு வந்த கறி வாசம் பொன்னுலிங்கத்தின் மூக்கில் அப்படியே இருந்தது. ஐந்தரைக்குத் தண்ணீர் வந்தது. தெரு முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு குழாயைத் திறந்தது.

அமலோற்பவம் கடைசியாகத் தன் மெஸ்ஸுக்கு வந்து, குழாயைப் பிடித்து, கண்ணை மூடி எதையோ நினைத்தாள். வளையம் செக்கச் சிவந்தது. தங்கபுஷ்பத்தின் கைப்பலகைத் திரையில் நூற்றுப் பதினெட்டு என்று விழுந்தது. குடம் நிறைகிற வரைக்கும் அது இறங்கவில்லை.

“எழுதிக்கிடுங்க மேடம்,” என்றாள் அமலோற்பவம். “நாடிய ஏத்த வெறவு கட்டத் தூக்கிக்கிட்டு ஓடல, கையில மொளகாப்பொடி தடவல. அசல் கோவம்.”

மேடம் என்ற வார்த்தை தங்கபுஷ்பத்தைச் சுருக்கென்று குத்தியது. இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அதைக் காட்டிக்கொள்ளாமல், கோபம் வாரியத்தின் மேல் அல்லவா வரவேண்டும் என்று கேட்டாள்.

“வாரியத்து மேல எப்படி மேடம் வரும்? மொகம் தெரியாத ஆளு மேல கோவம் எத்தன நாளைக்கு நிக்கும்? ஒரு மாசம் நின்னுச்சு, அப்புறம் அலுத்துப் போச்சு. அண்ணன் தம்பி, அக்கம்பக்கம்னாதான் வருஷக்கணக்கா கொதிக்கும். அததான் கொஞ்சம் கெளறி விடுதேன்.”

தங்கபுஷ்பம் விதிப்புத்தகத்தை இரண்டு தடவை புரட்டினாள். கோபம் அசலாக இருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. யார் மேல் என்று எங்கேயும் இல்லை. அப்படியானால் இது மோசடி இல்லை. அவளுக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் அழுகையும் வந்தது.

நீ யாரை நினைத்துத் திறக்கிறாய் என்று அவள் கேட்டதற்கு, அது தன் சொந்த விஷயம் என்று சொல்லிவிட்டு அமலோற்பவம் இட்லித் தட்டில் துணி போடப் போய்விட்டாள்.

தங்கபுஷ்பத்துக்கும் ஒரு சொந்த விஷயம் இருந்தது. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இருவரும் வாரியத்துக்குப் பரீட்சை எழுதினார்கள். ஊரில் எல்லாமே திரைக்கு மாறிவிட்ட காலத்திலும் அரசாங்க வேலைக்கு மட்டும் தாளில்தான் கடிதம் வரும். தெருவுக்கே கடிதம் வந்து சேரும் இடம் தங்கபுஷ்பத்தின் அப்பா வைத்திருந்த பலசரக்குக் கடை. நேர்முகத் தேர்வுக்கு இருவருக்கும் கடிதம் வந்தது. இருந்தது ஒரே ஒரு இடம். தங்கபுஷ்பம் அமலோற்பவத்தின் கடிதத்தை எடுத்து அரிசி டின்னுக்குள் செருகினாள். மூன்றாம் நாள், தேர்வெல்லாம் முடிந்த பிறகு, இப்போதுதான் தபால் வந்தது என்று கொண்டுபோய்க் கொடுத்தாள். அமலோற்பவம் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டாள். அவளுக்குத் தெரியாது என்றுதான் தங்கபுஷ்பம் இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தாள். தெரியாது என்று நம்பினாலும், அந்தத் தெருப்பக்கம் மட்டும் அவள் போவதில்லை.

இப்போது ஏழு நாள் போகவேண்டியதாயிற்று. தினமும் ஐந்தரைக்கு அளவெடுத்தால் ஏழு மணிக்குத்தான் திரும்பிப்போக வண்டி. அதுவரை எங்கே போவது? மெஸ்ஸின் மூலையில் உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் அமலோற்பவம் முகத்தைப் பார்க்காமல் தட்டை வைத்தாள். இரண்டு இட்லி, நேற்று வைத்த சாளைக் குழம்பு. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் தங்கபுஷ்பம் காலை மடக்க முடியாமல் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டாள். நான்காம் நாள் கேட்காமலே குழம்பில் இன்னொரு மீன் விழுந்தது.

சும்மா உட்கார்ந்திருக்க வெட்கப்பட்டு, ஐந்தாம் நாள் தங்கபுஷ்பம் தட்டுக் கழுவ எழுந்தாள். அங்கே ஒரு குடம் தண்ணீரில் நாற்பது தட்டு கழுவியாக வேண்டும். முதலில் தேங்காய் நாரால் வழித்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, பழந்துணியால் துடைத்து, அதற்குப் பிறகுதான் தண்ணீரில் ஒரு முக்கு. தங்கபுஷ்பம் முதல் தட்டுக்கே அரைச் செம்புத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டாள். அமலோற்பவம் பாய்ந்து வந்து செம்பைப் பிடுங்கினாள். வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து தண்ணீரைப் பற்றி ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லையா என்று கேட்டாள். கேட்கும்போது உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

அன்றைய எண் எழுபத்தி மூன்று. தங்கபுஷ்பம் பலகைத் திரையை மேலே தள்ளிப் பார்த்தாள். நூற்றுப் பதினெட்டு, நூற்று ஒன்பது, தொண்ணூற்று நாலு, எண்பத்தி இரண்டு, எழுபத்தி மூன்று. நாளுக்கு நாள் சரிகிறது. ஏன் சரிகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. மனுஷிக்கு உடம்புக்கு முடியவில்லையோ என்று பயந்தாள்.

தெருவும் தளர்ந்துதான் போயிருந்தது. மூன்று வருஷமாக அதே சுவர், அதே பாயசம், அதே ஆடு. வெள்ளாட்டைப் பற்றிச் சொன்னதும் பொன்னுலிங்கம் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். ரெஜினா, போகட்டும் விடுக்கா, தூக்கம் வருது என்று கதவைச் சாத்தினாள். முன்பெல்லாம் விலைவாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டுச் சமாதானம் ஆவார்களாம். இப்போது பாதிப்பேர் வருவதில்லை. மீதிப்பேருக்குச் சண்டையும் சலித்துவிட்டது, சமாதானமும் சலித்துவிட்டது. எடுத்த கோபத்தைத் திரும்ப இருந்த இடத்தில் வைக்க முடியவில்லை என்று அமலோற்பவமே ஒத்துக்கொண்டாள்.

ஆறாம் நாள் அறுபத்தி நாலு. தங்கபுஷ்பம் எண்ணைச் சொன்னபோது அமலோற்பவம் அடுப்பங்கரைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டு படி ஏறினால் மெஸ்ஸை மூட வேண்டியதுதான் என்றாள். மூடினால் மகள் வீட்டில் போய் ஒதுங்க வேண்டும். மருமகன் நல்லவன்தான். ஆனாலும் சோறு போட்ட கை சோற்றுக்குக் காத்திருக்க வேண்டும். உப்பளத்துக்குப் போகிற நாற்பது பேர் வெறும் வயிற்றோடு போவார்கள். தெருவில் எத்தனை குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பும் என்று தெரியாது. இதையெல்லாம் யாருக்கோ நடப்பதுபோல நிதானமாகச் சொன்னாள். எண்ணை மாற்ற தங்கபுஷ்பத்தாலும் முடியாது. வளையம் நேராக வாரியத்துக்குப் பேசுகிறது. அவள் வெறும் சாட்சி.

ஏழாம் நாள் காலை அமலோற்பவம் யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை. அந்த ஒரு குழாய்தான் கணக்கு என்பதால் தெருவே மெஸ் வாசலில் வந்து நின்றது. ஐந்தரைக்குக் குழாய் இருமியது. அமலோற்பவம் குடத்தை வைத்து, வளையத்தைப் பிடித்து, கண்ணை மூடினாள்.

ஐம்பத்தி ஏழு.

குடம் நிறைவதற்குள் ஏறியாக வேண்டும். கால் குடம் ஆயிற்று. ஐம்பத்தி ஆறு. அமலோற்பவத்தின் நெற்றி சுருங்கியது. எதையோ இழுத்துப் பிடிக்கப் பார்க்கிறாள், அது வழுக்கிக்கொண்டு போகிறது. அவளுக்குக் கோபம் வரவேண்டும், இப்போதே வரவேண்டும். அதற்கு வேண்டிய சரக்கு உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் இருக்கிறது என்று தங்கபுஷ்பத்துக்குத் தோன்றியது. சொன்னால் அமலோற்பவம் இனி ஆயுசுக்கும் தன் முகத்தில் விழிக்கமாட்டாள். பரவாயில்லை. மெஸ் பிழைக்கும்.

“அமலி,” என்றாள். முப்பத்திரண்டு வருஷமாக அவள் வாயில் வராத பெயர். “ஒனக்கு வந்த நேர்முகக் கடிதம் லேட்டா வரல. எங்க கடையில அரிசி டின்னுக்குள்ள மூணு நாளு கெடந்துச்சு. நான்தான் போட்டேன். ஒன் வேலையத்தான் நான் இத்தன வருஷமும் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

அமலோற்பவம் கண்ணைத் திறந்தாள். பலகையில் எண் துள்ளியது. ஐம்பத்தி ஒன்பது, அறுபத்தி ஒன்று. தங்கபுஷ்பம் காத்திருந்தாள். திட்டட்டும், செம்பைத் தூக்கி எறியட்டும்.

“எனக்குத் தெரியும்டி,” என்றாள் அமலோற்பவம்.

குடம் முக்கால் நிறைந்திருந்தது.

“கவர் ஒட்டுன எடத்துல தவுடு இருந்துச்சு. அன்னைக்கே தெரியும். இந்த வளையம் வந்த நாள்ல இருந்து ஒன்னைய நெனச்சுத்தான் கொழாயத் தொறக்கேன். ஒரு நாளு வந்து ஒத்துக்கிட மாட்டாளா, ஒத்துக்கிட மாட்டாளான்னுதான் கொதிச்சுக்கிட்டு கெடந்தேன்.” அவள் தங்கபுஷ்பத்தின் முகத்தைப் பார்த்தாள். “சொல்லிட்டியே ஏட்டி.”

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. முகத்தில் அத்தனை வருஷத்துக் கடுப்பும் கழன்று, பள்ளிக்கூடப் பெஞ்சில் பக்கத்தில் இருந்த பெண் தெரிந்தாள். வளையத்தைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. நாற்பது. இருபத்தி ஆறு. பதினாலு. தங்கபுஷ்பம் பதறிப்போய், கோவப்படு அமலி, கோவப்படு என்று கெஞ்சினாள். அதைக் கேட்டு அமலோற்பவத்துக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. வளையம் வெளிறி, நீலமாகி, அதற்குப் பிறகு தங்கபுஷ்பம் எங்கேயும் பார்த்திராத ஒரு வெண்மைக்குப் போனது.

ஆறு.

குடம் நிறைந்தது. கண்ணாடியில் எழுத்து ஓடியது. தங்கள் மனமார்ந்த ஒப்புதலுக்கு நன்றி.

கூட்டத்தில் யாரும் கத்தவில்லை. சேவியர் தலையைச் சொறிந்துகொண்டு அண்ணனைப் பார்த்தான். அண்ணன், சரி வா, வேலைக்கு நேரமாச்சு என்றான். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அமலோற்பவம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியை நிதானமாக ஒருமுறை வாசித்தாள்.

“இனி நான் யார நெனச்சு இதத் தொறக்க?” என்று கேட்டாள்.

தண்ணீர் குடத்தைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. வீணாகிறதே என்று தங்கபுஷ்பத்தின் கை தானாகப் போய்க் குழாயை மூடியது. மூடும்போது கண்ணாடியில் நின்ற எழுத்தைப் பார்த்தாள். மனமார்ந்த. இந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுக் குழுவில் எல்லோரையும் பார்த்துப் பெருமையாகச் சிரித்தது நினைவுக்கு வந்தது. அன்றைக்குக் கைதட்டியவர்கள் ஒவ்வொருவருடைய முகமும், நடுவில் தன் முகமும், தெளிவாகத் தெரிந்தன. அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. விரல்கள் குழாயை இறுக்கின.

வளையம் ரத்தமாகச் சிவந்தது. பலகையில் நூற்று நாற்பத்தி ஒன்று என்று விழுந்தது. அதற்குக் கீழே, அளவீட்டு நேரம் முடிந்துவிட்டது, அடுத்த விலைவாரத்தில் சந்திப்போம் என்று மரியாதையாக இரண்டு வரி வந்தது.

அமலோற்பவம் சிவந்த வளையத்தையும் தங்கபுஷ்பத்தின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். ஆறு மணிக்கு நாற்பது பேர் சாப்பிட வருவார்கள். இன்றைக்கு அவர்களுக்கு இட்லி இருக்கிறது.

“இந்தக் கொதிப்ப அப்படியே பத்திரமா வச்சுக்க ஏட்டி,” என்றாள். “மூணு மாசம் கழிச்சு வேணும்.”